இன்சுலினை வென்றவர்

அந்தச் சிகிச்சை மையத்தின் வரவேற்பறைச் சுவரில் பதினோரு படங்கள் வரிசையாகத் தொங்கின. ஒன்பதாவது படத்தில் இருந்தவர் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். சட்டத்தின் அடியில் பித்தளைத் தகட்டில் ‘இன்சுலினை வென்றவர்’ என்று பொறித்திருந்தார்கள். வென்றவர் இப்போது அந்தப் படத்துக்கு நேர் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இடுப்பில் நிற்க மறுத்த கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அரை மணி நேரத்தில் மூன்றாவது முறையாகக் கழிப்பறைக்குப் போக எழுந்தார். வரவேற்பு மேசைப் பெண் படத்தைப் பார்த்தாள், ஆளைப் பார்த்தாள். இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. “புது நோயாளியா சார்?” என்று கேட்டாள்.

கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

கடைத்தெருவில் அவருக்குத் தராசு என்று பெயர். எடை அளவு ஆய்வாளர். இருபத்தாறு வருஷமாகக் கடை கடையாகப் போய், முதலில் தராசில் ஒன்றும் வைக்காமல் முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார். பிறகு தன் பையிலிருக்கும் முத்திரையிட்ட எடைக்கல்லை வைத்துப் பார்ப்பார். சரியாக இருந்தால் முத்திரை. இல்லாவிட்டால் கம்பியைச் சுற்றி, குறட்டால் ஈயத்தை நசுக்கிப் பூட்டி, சாட்சிக் கையெழுத்து வாங்கி, பறிமுதல் ரசீதைக் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். கெஞ்சினாலும் அதே முகம், மிரட்டினாலும் அதே முகம். தூரத்தில் அவர் தலை தெரிந்தால் ‘தராசு வருது’ என்று கடைக்குக் கடை செய்தி ஓடும்; தட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த காந்தம் கல்லாப் பெட்டிக்குள் ஒளிந்துகொள்ளும்.

இப்படிப்பட்ட ஆள், தன் உடம்பை மட்டும் எந்தக் கல்லையும் வைத்துப் பார்க்காமல் ஒருவர் கையில் ஒப்படைத்திருந்தார். அவருக்கு இருந்த எரிச்சல்களிலெல்லாம் பெரிய எரிச்சல் அதுதான்.

பதினான்கு மாதத்துக்கு முன்பு ஓர் இரும்புக் கடையில் இருபது கிலோக் கல்லைத் தூக்கும்போது கண் இருட்டி விழுந்தார். அதற்கு முன் ஒரு மாதமாகவே தீராத தாகம், உருகுகிற உடம்பு. பொது மருத்துவமனையில் சர்க்கரை ஐந்நூறைத் தாண்டியிருக்கிறது என்று சொல்லி இன்சுலின் போட்டார்கள். வார்டு டாக்டர் அம்மா, உட்கார நேரமில்லாமல் நின்றுகொண்டே எழுதுகிறவர், நாற்பத்தெட்டு வயது ஒல்லி ஆளுக்கு இப்படித் திடீரென்று வந்தால் வேறு இரண்டு பரிசோதனை பார்த்தாக வேண்டும், ஒரு மாதத்தில் கட்டாயம் வாருங்கள் என்று சீட்டில் எழுதி அடிக்கோடு போட்டுக் கொடுத்தார். ஒரு கோடு இல்லை, இரண்டு கோடு.

அந்த ஒரு மாதம் முடிவதற்குள் மைத்துனர் வந்துவிட்டார். மனைவியின் தம்பி. யார் வீட்டில் எது உடைந்தாலும் அதை ஒட்டுவதற்கு ஓர் ஆளைத் தெரிந்துவைத்திருப்பவர். ஊசி என்பது ஒற்றையடிப் பாதை, போனால் திரும்ப முடியாது, எனக்குத் தெரிந்த ஒருத்தர் கணையத்தையே வேலை வாங்குகிறார் என்று மூன்று நாள் மூளையைக் கரைத்தார். நான்காம் நாள் தராசு அந்த மையத்துக்குப் போனார்.

அங்கிருந்த டாக்டருக்கு ஊர் வைத்த பெயர் கட்டுப்பாடு. எந்த வாக்கியத்தை எங்கே தொடங்கினாலும் அந்தச் சொல்லில் கொண்டுபோய் நிறுத்துவார். மேடையில் மாட்டுகிற காது ஒலிவாங்கியை நோயாளியைப் பார்க்கும் அறையிலும் கழற்ற மாட்டார். எதிரில் ஒரே ஆள் இருப்பது அவரைப் பொறுத்தவரை கூட்டம் இன்னும் வந்து சேரவில்லை என்று அர்த்தம். கணையம் ஒரு சோம்பேறி ஊழியன், இன்சுலின் ஊசி அவனுக்குக் கொடுக்கிற லஞ்சம், லஞ்சத்தை நிறுத்தினால் தானாக வேலை செய்வான் என்பது அவருடைய சித்தாந்தம். தராசுக்கு லஞ்சம் என்ற சொல்லே ஆகாது. அந்த ஒரு உவமையில் ஆள் விழுந்துவிட்டார்.

உள்ளே நுழைந்த முதல் நாளே அவர் கண்ணில் ஒன்று பட்டது. எடை பார்க்கும் எந்திரம் இரண்டு இருந்தன. புதிதாக வருகிறவர்களை வாசலில் இருந்த எந்திரத்தில் செருப்போடும் பையோடும் ஏற்றினார்கள். நூறாவது நாள் வெறுங்காலோடு உள்ளறை எந்திரத்தில் ஏற்றினார்கள். இரண்டிலும் முத்திரை இல்லை. வாய் வரைக்கும் வந்தது. நோயாளியாக வந்த இடத்தில் அதிகாரத்தைக் காட்டக் கூடாது என்று விழுங்கிவிட்டார். பெருந்தன்மை. பிற்பாடு அந்தச் சொல்லை நினைத்தால் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

நூறு நாள் திட்டம். காலையில் உறுதிமொழி, நடை, அளந்த சாப்பாடு. அவருக்கு அளப்பது கஷ்டமில்லை. அலுவலகத் தராசைப் போலவே ஒன்றை வீட்டில் வைத்து, ஒவ்வொரு கவளத்தையும் கிராம் கணக்கில் நோட்டில் எழுதினார். அதிசயம் நடந்தது. முப்பது யூனிட் இன்சுலின் இருபதாயிற்று, பத்தாயிற்று, தொண்ணூற்றிரண்டாம் நாள் ஒன்றுமில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால், காக்கை என்ன செய்யும்? இந்தக் காக்கை விழா எடுத்தது.

விழா மேடையில் கண்ணாடிப் பெட்டி ஒன்று. அதற்கு விடுதலைப் பெட்டி என்று பெயர். குணமானவர்கள் தங்கள் இன்சுலின் பேனாவை அதற்குள் போட வேண்டும். தராசு போட்டார். கைதட்டினார்கள். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தார். அந்தச் சிரிப்புதான் சுவருக்குப் போனது. மையத்தின் விளம்பரப் பலகையில் ஏறிப் பேருந்து நிறுத்தத்துக்கும் போனது.

ஏழு மாதம் நன்றாகத்தான் இருந்தது. எட்டாவது மாதம் சர்க்கரை இருநூறு. அடுத்தது இருநூற்று எண்பது. அதே சாப்பாடு, அதே நடை, அதே நோட்டு. டாக்டர் ஒரே ஒரு முடிவுக்குத்தான் வந்தார். வேறு எந்த முடிவுக்கும் வரும் வழி அவர் மண்டையில் போடப்படவே இல்லை. ஆள் திருட்டுத்தனமாகத் தின்கிறார்.

அதைத் தராசிடம் சொல்லவில்லை. மனைவியிடம் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

மனைவி கணக்கு டீச்சர். பரீட்சை ஹாலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றே எந்த வரிசையில் துண்டுச் சீட்டு நகர்கிறது என்று கண்டுபிடிப்பதில் பேர் போனவர். கணவர் மேல் பாசம் இல்லாமல் இல்லை. பாசம் இருந்ததால்தான் பறக்கும் படையானார். சீனி டப்பா அலமாரிக்குள் போய்ப் பூட்டு விழுந்தது. சட்டைப் பைகள் உள்ளும் புறமுமாகத் திருப்பப்பட்டன. சாட்சிகளும் கிடைத்தார்கள். கடைத்தெருவில் அவரிடம் அபராதம் கட்டாத கடை குறைவு. பேருந்து நிறுத்தத்தில் தொங்கும் படத்தை அவர்களும் பார்த்திருந்தார்கள். பிறகு என்ன? “டீச்சர், சொல்லலாமா வேண்டாமான்னு தெரியல, சாரை நேத்து பேக்கரியில பார்த்தேன்” என்று பழக்கடைக்காரர் சொன்னார். பேக்கரிக்காரரோ, ஒரு கிலோ கேக் வாங்கிப் போனார், எனக்கு எதுக்கும்மா பொல்லாப்பு என்று கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்.

இதில் கொடுமை என்னவென்றால், அது உண்மை. வாங்கத்தான் செய்தார். சோதனைக் கொள்முதல் என்று ஒன்று உண்டு. அறிமுகம் சொல்லாமல் ஆளோடு ஆளாகப் போய் ஒரு கிலோ வாங்கி, அட்டைப் பெட்டியின் எடையையும் கேக்கின் கணக்கில் ஏற்றுகிறார்களா என்று பார்ப்பது. பேக்கரிக்காரர் ஏற்றினார். கடைத் தராசில் ஈயப் பூட்டு விழுந்தது. கேக் பெட்டி சாட்சிப் பொருளாக இவர் பைக்குள் வந்தது. மறுநாள் அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டியது. அதை டீச்சர் பையிலிருந்து எடுத்தார். பனைமரத்தடியில் நின்று பாலைக் குடித்தாலும் கள்ளென்பார்கள். இந்த மனிதர் பனைமரத்தின் மேலேயே ஏறி நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதைக்கூட டீச்சர் மன்னித்திருப்பார். ஆனால் வாசனை. பத்து நாளாக அவர் வாயிலிருந்து ஒரு வாசனை வந்தது. நன்றாகக் கனிந்து, ஒரு நாள் அதிகம் கிடந்துவிட்ட பழத்தின் வாசனை. ராத்திரிப் படுக்கையில், காலையில் பல் துலக்கிய பிறகு, எப்போது பேசினாலும். டீச்சர் பக்கத்தில் வந்து மோந்து பார்ப்பார். எதுவும் சொல்லாமல் போய்விடுவார். ஒரு நாள் மட்டும் சொன்னார்.

“தின்னதுகூடப் பரவாயில்லைங்க. என் முகத்தைப் பார்த்து இல்லைன்னு சொல்றீங்க பாருங்க, அதுதான் தாங்கல.”

இருபத்தாறு வருஷம் பொய் எடையைத் தேடிப் பிடித்த மனிதரை அவர் வீட்டிலேயே பொய்யன் என்று முத்திரை குத்தியாயிற்று. அதற்குள் பதினேழு கிலோ இறங்கியிருந்தார்.

அந்த நிலையில்தான் அன்று தன் படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். கூடவே டீச்சர், கையில் பை. உள்ளே கூப்பிட்டார்கள்.

கட்டுப்பாடு ரிப்போர்ட்டைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். ஒரு பெருமூச்சு விட்டார். காது ஒலிவாங்கி அணைந்திருந்ததால் அந்தப் பெருமூச்சு வரவேற்பறைக்குக் கேட்காமல் வீணாயிற்று. நானூற்றுப் பத்து.

தராசு நோட்டை நீட்டினார். எழுபத்துமூன்று பக்கம், கிராம் கிராமாக. டாக்டர் அதைத் திறக்கவில்லை. ஒரு விரலால் மேசையின் இந்த ஓரத்துக்குத் தள்ளினார்.

“நோட்டு நீங்க எழுதுறது சார். ரத்தம் உங்களைப் பத்தி எழுதுறது. நான் எதை நம்பணும்?”

நோட்டையும் நம்ப வேண்டாம், என்னையும் நம்ப வேண்டாம், உடம்பில் ஏதோ வேறு கோளாறு இருக்கிறதா என்று பாருங்கள், அதுவரைக்கும் இன்சுலினாவது திரும்ப எழுதுங்கள் என்று தராசு கேட்டார். அந்தக் குரலில் அவர் வாழ்க்கையில் யாரிடமும் பேசியதில்லை. கடைக்காரர்கள் அவரிடம் பேசுகிற குரல் அது.

டாக்டர் டீச்சரைப் பார்த்துச் சிரித்தார். “இவருக்கு நான் ஊசி எழுதினா, வெளிய தொங்குற படத்துக்கு என்னம்மா மரியாதை? எத்தனை பேர் அதைப் பார்த்துட்டு நம்பி வர்றாங்க.”

டீச்சர், அந்த வாக்கியத்தில் ஏதோ ஒரு கணக்கு இடிக்கிறது என்பது போல ஒரு நொடி டாக்டரையே பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். சிகிச்சை என்ன என்றால், மறு உறுதிமொழி. இன்னொரு நூறு நாள். அதற்கு முன்னால் ரத்தம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

ரத்தம் எடுக்கும் அறையில் இருந்த பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். நரம்பைத் தேடக் குனிந்தவள் அப்படியே நின்றாள். நிமிர்ந்து கதவைப் பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது.

“சார், தப்பா நினைக்காதீங்க. ஒரு தடவை ஊதுங்க.”

ஊதினார். இன்னொருத்தியும் மோந்து பார்க்கக் கிளம்பிவிட்டாள் என்று அவருக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. ஆனால் அவள் டீச்சரைப் போல முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஊசியைத் தட்டில் போட்டுவிட்டு, உங்களுக்கு ஆன்டிபாடி பார்த்தார்களா என்று கேட்டாள். அப்படி ஒரு சொல்லை அவர் இங்கே கேட்டதே இல்லை.

“கேட்டிருக்க மாட்டீங்க. இங்க அதைப் பார்க்க மாட்டோம். பார்த்தா சுவத்துல இருக்கிற படத்துல நாலைஞ்சையாவது இறக்க வேண்டி வரும்.” குரலை இன்னும் தணித்தாள். “வீட்டுக்குப் போகாதீங்க சார். இப்படியே நேரா பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. இந்த வாசனை நல்ல வாசனை இல்ல.”

வழியெல்லாம் டீச்சர் பேசிக்கொண்டே வந்தார். ஒரு பேப்பர் திருத்துபவர் ஃபெயில் போட்டால், பாஸ் போடுகிற ஆளைத் தேடிப் போகிற பையன்களை எத்தனை பார்த்திருக்கிறேன் என்றார். மருத்துவமனைப் படிக்கட்டில் நான்காவது படியில் உட்கார்ந்த தராசு எழுந்திருக்கவில்லை. மூச்சு மட்டும் ஓடி வந்தவர் போல ஆழமாக, வேகமாக இழுத்துக்கொண்டிருந்தது. டீச்சர் பேச்சை நிறுத்தினார்.

அதே வார்டு. அதே டாக்டர் அம்மா, இப்போதும் நின்றுகொண்டே. இரண்டு கையிலும் டிரிப்ஸ், ஒன்றில் இன்சுலின். இரண்டாம் நாள் தெளிந்தார். நீங்கள் ஒரு மாதத்தில் வரவேண்டியவர், பதினான்கு மாதம் கழித்து வந்திருக்கிறீர்கள் என்று டாக்டர் அம்மா சொன்னார். திட்டவில்லை, தகவலாகச் சொன்னார். அது திட்டை விட அதிகமாக உறைத்தது.

ஆறாம் நாள் முடிவுகள் வந்தன. டீச்சரும் கட்டிலருகில் நின்றிருந்தார். டாக்டர் அம்மா தாளைத் திருப்பித் தராசிடம் காட்டினார்.

“உடம்புக்குள்ள ஒரு காவல் படை இருக்கு. வெளியிலருந்து வர்ற கிருமியை அடிக்கிறதுதான் அதோட வேலை. சில பேருக்கு அது இன்சுலின் சுரக்கிற செல்லையே எதிரின்னு நினைச்சு அடிக்க ஆரம்பிச்சுடும். வேலியே பயிரை மேயுற கதை. மேஞ்ச மாட்டோட குளம்புத் தடம்தான் இந்த ஆன்டிபாடி. உங்களுக்கு எந்திரம் காட்டக்கூடிய உச்சத்துக்கு மேல இருக்கு.”

அடுத்த வரியைக் காட்டினார். சி-பெப்டைட். உடம்பு தானாக ஓர் இன்சுலினைச் சுரந்து வெளியே அனுப்பும்போதெல்லாம் கூடவே இதிலும் ஒன்று வெளியே வரும், சரக்கோடு போகிற ரசீது மாதிரி என்றார். ஊசியில் போடுகிற இன்சுலினுக்கு அந்த ரசீது கிடையாது. ஆகவே ரசீதை எண்ணினால் உள்ளே சொந்தச் சரக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். தராசுக்கு இது ஒரே தடவையில் புரிந்தது. யாரும் இதுவரை அவரிடம் இவ்வளவு நேராகப் பேசியதில்லை. ரசீது கிட்டத்தட்டப் பூஜ்யம்.

“அப்போ அந்த ஏழு மாசம்?” என்று கேட்டார்.

“மொதல்ல நாங்க இன்சுலின் போட்டோம்ல, அதுல மிச்சமிருந்த செல்லுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைச்சது. எழுந்து உட்கார்ந்து கொஞ்ச நாள் சுரந்தது. நிறையப் பேருக்கு நடக்கும். இதுக்குத் தேனிலவுன்னே பேரு. அப்புறம் அதையும் மேஞ்சு முடிச்சுடும்.”

“அவர் என்ன பண்ணினார்?”

“தேனிலவுல பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டார்.” சொல்லிவிட்டு, வேறு வகைச் சர்க்கரை நோய்க்காரர்களுக்கு அந்த நடையும் சாப்பாடும் உண்மையிலேயே பலன் தரும், அதையும் மறுக்க முடியாது என்றார். எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி என்று நினைத்ததுதான் தப்பு. “நீங்க துறவியாவே இருந்திருந்தாலும் இந்த செல் செத்திருக்கும். நீங்க தின்னதும் காரணமில்ல, தின்னாததும் காரணமில்ல.”

அப்போதுதான் டீச்சர் வாயைத் திறந்தார். வாயிலிருந்து பழ வாசனை வந்ததே, அது என்ன என்று கேட்டார். பரீட்சையில் கடைசிக் கேள்வியாக, விடை தெரிந்துவிடுமோ என்ற பயத்தோடு கேட்பவரைப் போல.

இன்சுலின் இல்லாமல் சர்க்கரையை எரிக்க முடியாத உடம்பு தன் கொழுப்பையே எரித்துத் தின்னும், அப்போது வருகிற வாசனை அது என்றார் டாக்டர் அம்மா. “பசியில செத்துக்கிட்டிருக்கிற உடம்போட வாசனைம்மா அது. அதை மொதல் நாளே கண்டுபிடிச்சிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது.”

டீச்சர் மொதல் நாளே கண்டுபிடித்திருந்தார். பத்து நாள் தினமும் கண்டுபிடித்திருந்தார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். தராசு அவரைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டு ஆறுதல் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது, தெரிந்தே கூப்பிடவில்லை. அவர் தெய்வம் இல்லை, எடை அளவு ஆய்வாளர். அடுத்த நாட்களிலும் ஊசி மணி, சாப்பாட்டு மணி தவிர அவரிடம் ஒன்றும் பேசவில்லை.

ஐந்து கிலோ ஏறி, கால்சட்டை இடுப்பில் நின்ற பிறகு அலுவலகம் போனார். அன்றைய சோதனைப் பட்டியலில் முதல் பெயராகச் சிகிச்சை மையத்தைத் தன் கையாலேயே எழுதினார். மேலதிகாரி கேட்டால் சொல்லப் பதில் இருந்தது: முத்திரையில்லாத எடை எந்திரம் இரண்டு, கண்ணால் பார்த்தது, பதினைந்து மாதம் தாமதமாக நடவடிக்கை, தவறு என்னுடையது.

பையைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு வந்தால் டீச்சர் நின்றிருந்தார். பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னார். அவர் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. டீச்சர் இரண்டடி பின்னால் நடந்தார்.

மையத்தில் அன்று விழா. வரவேற்பறையிலேயே நாற்காலி போட்டு, விடுதலைப் பெட்டியை நடுவில் வைத்திருந்தார்கள். கட்டுப்பாடு ஒலிவாங்கியில் சோம்பேறி ஊழியனைத் திட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பெண், பேருந்து நடத்துநர் சீருடையில், கையில் இன்சுலின் பேனாவோடு. ஒல்லி. தோள்பட்டை எலும்பு சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஒன்பதாவது படத்தைக் காட்டி, அவரைப் பார்த்துத்தான் இந்தச் சகோதரி நம்பிக்கையோடு வந்தார் என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் படம் வாசல் வழியாக உள்ளே வந்தது.

டாக்டருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. ஒரு நொடி திருடனுக்குத் தேள் கொட்டிய முகம். அடுத்த நொடி இரண்டு கையையும் விரித்து, நமது வெற்றியாளரே வந்திருக்கிறார் என்று கூட்டத்துக்கு அறிமுகம் செய்தார். கூட்டம் கைதட்டியது. தராசு அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார்.

“வெற்றியாளரா வரல. ஆய்வுக்கு வந்திருக்கேன்.”

வாசல் எந்திரத்தில் ஒன்றும் வைக்காமல் பார்த்தார். ஒரு கிலோ எண்ணூறு காட்டியது. உள்ளறை எந்திரத்தில் இருபது கிலோக் கல்லை வைத்தார். பதினெட்டரை காட்டியது. ஆக இந்த மையத்தில் ஒரு வாசலிலிருந்து இன்னொரு அறைக்கு நடந்தாலே மூன்று கிலோவுக்கு மேல் குறைந்துவிடும். கட்டுப்பாடெல்லாம் தேவையே இல்லை. முதல் வரிசையில் யாரோ சிரித்தார்கள். கம்பியைச் சுற்றினார். குறடு ஈயத்தைக் கடிக்கிற சத்தம் ஒலிவாங்கியில் நன்றாகக் கேட்டது.

பிறகு நாற்காலியில் ஏறி ஒன்பதாவது படத்தைக் கழற்றினார். அதற்குக் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி கட்டி அதற்கும் ஈயம் வைத்து நசுக்கினார்.

அது எங்கள் சொத்து, படத்தைப் பறிமுதல் செய்ய எந்தச் சட்டத்தில் இடம் என்று டாக்டர் கேட்டார். இடமில்லை என்பது தராசுக்கு அவரை விட நன்றாகத் தெரியும்.

“பொய் எடை காட்டுற பொருளைப் பொது இடத்துல வைக்கக் கூடாது. இந்த ஆள் இன்சுலினை வெல்லல டாக்டர். இன்சுலின் இல்லாம செத்துக்கிட்டிருந்தான். நீங்க அவனைத் திருடன்னு சொன்னீங்க. அவன் பெண்டாட்டிகிட்ட சொன்னீங்க.”

கடைசி வாக்கியத்தில் குரல் பிசிறிவிட்டது. அதை மறைப்பது போல நடத்துநர் பெண் பக்கம் திரும்பினார்.

“ஒரே ஒரு கேள்வி கேளும்மா. என் உடம்புல என்னத்தை அளந்து பார்த்துட்டு இதைப் போடச் சொல்றீங்கன்னு கேளு. ஆன்டிபாடி பார்த்தாங்களா, சி-பெப்டைட் பார்த்தாங்களான்னு கேளு. பார்த்துட்டுச் சொன்னா தாராளமாப் போடு.”

அவள் டாக்டரைப் பார்த்து அதையே கேட்டாள். டாக்டர் சகோதரியின் மன உறுதியைக் குலைக்க வேண்டாம் என்று கூட்டத்துக்குச் சொன்னார். “நான் கேட்டதுக்கு அது பதில் இல்லைங்களே” என்றாள் அவள். தினம் ஆயிரம் பேரிடம் டிக்கெட் கேட்கிறவளிடம் சாக்குப்போக்கு எடுபடாது. பேனாவை டிக்கெட் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

தராசு மேசையில் உட்கார்ந்து ரசீது எழுதினார். இனம் ஒன்று: முத்திரையில்லாத எடை எந்திரங்கள், இரண்டு. இனம் இரண்டு: தவறான அளவு காட்டும் படம், ஒன்று. கீழே சாட்சிகளின் கையெழுத்துக்கு இரண்டு கோடு. ரத்தம் எடுக்கும் பெண் தானாக வந்து முதல் கோட்டில் போட்டாள். இன்று மாலைக்குள் அவளுக்கு வேலை இருக்காது என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்தது, அவளுக்கும்தான். இரண்டாவது கோடு காலியாக இருந்தது. ரசீதின் ஓரத்தை ஒரு கை பிடித்தது. சிவப்பு மை விரலில் ஒட்டிய கை.

“எங்கங்க போடணும்?”

காட்டினார். டீச்சர் கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் தேதியும் போட்டார்.

மணி பன்னிரண்டரை ஆகியிருந்தது. சாப்பாட்டுக்கு முந்திய ஊசி. தராசு பழைய பிளாஸ்டிக் நாற்காலியிலேயே உட்கார்ந்தார்; தலைக்கு மேல் ஓர் ஆணி மட்டும் இருந்தது. பேனாவை எடுத்து ஆறு யூனிட் திருகி, சட்டையைத் தூக்கி, அத்தனை பேரும் பார்க்க வயிற்றில் போட்டுக்கொண்டார். டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டீச்சர் மட்டும் பக்கத்தில் குனிந்தார். “மூணாவது இனமா என் மூக்கையும் அதுல எழுதிக்கோங்க.”

அவர் பேனா மூடியை மாட்டினார்.

“அதுக்கு இந்தப் பாரத்துல இடமில்ல” என்றார். பிறகு எழுந்து, இருபது கிலோக் கல்லைப் பையில் போட்டு அவரே தூக்கப் பார்த்து, வரும்போது இருந்த தெம்பு தீர்ந்துபோய் முடியாமல், பையின் ஒரு காதை டீச்சர் பக்கம் தள்ளிவிட்டார்.